என் கலியாணத்துக்கு முன் அம்மாவின் கலியாணம்

என் விவாகப் பதிவுக்கு வேண்டிய கடதாசிகளைச் சேர்க்கத் தொடங்கிய கிழமையில்தான், என் அப்பாவும் அம்மாவும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளாதவர்கள் என்று எனக்குத் தெரியவந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

நான் கலியாணம் முடிக்க இருந்தவர் கந்தளாய்க்காரர். அங்கே ஆஸ்பத்திரியில், இரத்தப் பரிசோதனை செய்யும் பகுதியில் வேலை. நான் திருகோணமலை, அவர் கந்தளாய் என்பதால் அவரவர் ஊர்ப் பதிவாளரிடம் தனித்தனியே விவாக அறிவித்தல் கொடுக்கவேண்டும். அதற்கு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பிளாஸ்ரிக் உறையிட்டு வைத்த பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தது. எழுத்து மங்கி, என் பெயரும் திகதியும்தான் ஓரளவுக்குத் தெரிந்தன. புதுப் பிரதி எடுத்து வரச் சொன்னார்கள்.

பிரதேச செயலகத்துக்கு அம்மாவும் கூட வந்தார். அரை மணி நேரத்தில் பிரதி கிடைத்தது. கொடுத்த பெண், "ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. எழுத்துப் பிழை இருந்தா இப்பவே சொல்லுங்கோ" என்றார்.

அம்மா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால் சுவரோரத்து மர வாங்கில் இருந்தபடி நான் ஒவ்வொரு கட்டமாக உரத்து வாசித்தேன். பிறந்த இடம், என் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர். அதே குரலில், அதே வேகத்தில் அடுத்ததையும் வாசித்துவிட்டேன். "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா? இல்லை."

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது உறைத்தது.

"திரும்ப வாசி," என்றார் அம்மா.

நான் வாசிக்கவில்லை. எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் காட்டி, இது பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்றேன். அவர் உள்ளே போய்ப் பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பிழை இல்லைத் தங்கச்சி. புத்தகத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு. தகவல் குடுத்தது உங்கட அப்பாதான், அவற்ற கையெழுத்தும் இருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உங்கட கலியாணத்துக்கு இதால ஒரு தடங்கலும் வராது. யோசிக்காதேங்கோ."

ஓட்டோவில் வீடு வரும்வரைக்கும் அம்மா அந்தக் கடதாசியை மடிக்காமல் மடியில் வைத்திருந்தார்.

அப்பா முன்பு மூதூர்ப் படகில் எஞ்சின்காரராக இருந்தவர். பாலங்கள் வந்து படகில் போகும் சனம் குறைந்த பிறகு, துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறார். அன்று பின்னேரம் வேலையால் வந்தவர், மேசையில் கிடந்த கடதாசியைக் கண்டதும் கைகூடக் கழுவாமல் கதிரையில் இருந்துவிட்டார். ஒன்றும் மறைக்க முயலவில்லை.

"தெரியும்," என்றார்.

அவர்களுடைய கலியாணம் சண்டைக் காலத்தில் கட்டைபறிச்சானில் ஒரு பிள்ளையார் கோயிலில் நடந்தது. விவாகப் பதிவாளர் ஊரைவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று எவருக்கும் தெரியாது. தாலி கட்டி ஒரு வருடத்துக்குள் இருவரும் இடம்பெயர்ந்து, குடாவைக் கடந்து திருகோணமலையில் ஒரு முகாமுக்கு வந்தார்கள். அங்கே இருக்கும்போதுதான் நான் பிறந்தேன். இவ்வளவும் எனக்குக் கதை கதையாகத் தெரியும். தெரியாதது, என் பிறப்பைப் பதிய அப்பா போன நாளில் நடந்தது.

"விவாகச் சான்றிதழ் எங்க எண்டு பிறப்புப் பதியிறவர் கேட்டார். கோயில்ல தாலி கட்டினனாங்கள் எண்டு சொன்னனான். அதை எழுதேலாதாம், பதிஞ்சிருக்கோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லட்டாம். பிள்ளையின்ர பேர் பதிஞ்சாத்தான் முகாமில பால்மா தருவினம். நான் என்ன செய்ய? கையெழுத்து வச்சிட்டு வந்தனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று கேட்டார் அம்மா.

"நீ பிள்ளை பெத்து ஆறு நாள். அதில வந்து எப்பிடிச் சொல்லுறது? பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு நாள் போயிட்டுது."

பள்ளிக்கூட அனுமதி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் அப்பாவே அரை நாள் லீவு போட்டுக்கொண்டு அலைந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. படிவத்தை நிரப்பி வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டுவார். என்மேல் உள்ள பாசத்தில் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். பாசம்தான். ஆனால் அந்த ஒரு கட்டத்தை என் கண்ணிலும் அம்மாவின் கண்ணிலும் படாமல் இருபத்தெட்டு வருடம் பாதுகாத்து வந்திருக்கிறார் என்பது அன்றுதான் விளங்கியது.

இரண்டு நாள் அம்மா அவரோடு நேரே கதைக்கவில்லை. "அப்பாவிட்டக் கேள், தேத்தண்ணி குடிக்கப் போறாரோ எண்டு" என்பார், இரண்டடி தள்ளி அப்பா இருக்கும்போதே. பதியாமல் இருந்ததற்காக அம்மாவுக்குக் கோபமில்லை. அது அவருக்கும் தெரிந்ததுதானே. "இதைத் தனியவே மனசில வச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

மூன்றாம் நாள் காலை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்தினார். "உன்ர பதிவுக்கு முதல் எங்கட பதிவு நடக்கவேணும். அவரிட்டச் சொல்லு."

"இதையாவது நீங்களே சொல்லுங்கோ அம்மா."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அப்பா முகம் கழுவிக்கொண்டு நின்ற கிணற்றடிக்குப் போனார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சருங்கோ, என்னைப் பதிவு செய்யிறீங்களோ?"

அப்பா முகமெல்லாம் சவர்க்காரத்தோடு திரும்பினார். "எப்ப?" என்றார்.

அம்மாவின் கடதாசிகளில் ஒரு சிக்கல் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அடையாள அட்டையில், வீட்டில் கூப்பிட்டுப் பழகிய பெயர். இரண்டும் ஒருவர்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க ஒரு சமாதான நீதவானிடம் போனோம். அவர் மூதூரில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்ற முஸ்லிம் பெரியவர். கண்ணாடிக்கு மேலால் அப்பாவைப் பார்த்து, "இந்த ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர். ரெண்டு பேரோடயும் நான்தான் குடும்பம் நடத்துறன்," என்றார் அப்பா.

பெரியவர் சிரித்த சிரிப்பில் முத்திரை கோணலாக விழுந்தது. இன்னொரு பிரதி எடுத்துவரச் சொன்னார்.

விவாக அறிவித்தல் படிவத்தில் அடுத்த தடங்கல் வந்தது. சிவில் நிலை என்ற இடத்தில் விவாகமாகாதவர் என்று எழுத வேண்டும். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பது வருசம் இவருக்குச் சமைச்சுப் போட்டிட்டு, ஒரு பிள்ளையையும் வளத்துப் பக்கத்தில வச்சுக்கொண்டு, இதை எப்பிடி எழுதுறது? பொய் எழுத எனக்கு ஏலாது."

பதிவாளர் என் வயதுப் பெண். அவசரப்படுத்தவில்லை. "அம்மா, கோயில்ல நடந்ததை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. இதுக்கு முதல் எந்தப் பதிவுப் புத்தகத்திலயும் நீங்கள் கையெழுத்து வைக்கேல்லை எண்டதுதான் இதின்ர அர்த்தம்."

அம்மா பேனாவை அப்பா பக்கம் தள்ளினார். "அப்ப முதல்ல அவர் எழுதட்டும்."

அறுபது வயது அப்பா, விவாகமாகாதவர் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

அறிவித்தல் கொடுத்துப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் சொல்லலாம் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனை. "சொல்லுறதெண்டா முப்பது வருசத்துக்கு முதல் சொல்லியிருக்கவேணும்," என்று அப்பா பகிடி விட்டார். அந்த நாட்களில் அம்மா அவரோடு சந்தைக்குப் போக வெட்கப்பட்டார். அப்பா தனக்கொரு முழுக்கைச் சட்டை வாங்கி வந்து, எனக்குக் காட்டாமல் அலுமாரியில் வைத்தார். நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

பதிவன்று நான் முடிக்க இருந்தவர் காலைப் பஸ்ஸில் கந்தளாயிலிருந்து பிரதேச செயலகத்துக்கு வந்தார். அவரும் நானும்தான் சாட்சிகள். இந்தப் பெண்ணை உமது மனைவியாக ஏற்றுக்கொள்கிறீரா என்று பதிவாளர் கேட்டதும், படகு எஞ்சினுக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய அப்பா, "ஓம்!" என்று போட்ட சத்தத்தில் வெளியில் வாகன வரிப்பத்திரத்துக்கு வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அம்மா சொன்னது எவருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சொல்லவேண்டியிருந்தது.

கையெழுத்து வைத்து முடித்த பிறகு அம்மா பதிவாளரிடம் கேட்டார். "பிள்ளை, கலியாணத் திகதி இண்டையான் திகதியாத்தான் வருமோ?"

"ஓம் அம்மா."

"அப்ப எங்கட முப்பது வருசம்?"

பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். "அதை உங்களிட்டயிருந்து ஆர் எடுக்கிறது அம்மா? இதை அதோட சேத்து வையுங்கோ."

அம்மா அழுதது அப்போதுதான். அப்பா புதுச் சட்டைப் பையில் லேஞ்சியைத் தேடினார், கொண்டுவரவில்லை. என்னுடையதை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம், அதே அறையில், அதே பதிவாளர் முன்னால் என் பதிவு நடந்தது. அப்பா எனக்குச் சாட்சி. கையெழுத்து வைக்க முதல், விரலை ஓட்டி ஓட்டி அந்தத் தாளை முழுதாக வாசித்தார். எல்லாரும் பொறுத்திருந்தோம். அவர் நிமிர்ந்து தலையாட்டிய பிறகு பதிவாளர் எங்களைப் பார்த்து, "இந்த வீட்டில இனியும் ஆரும் மிச்சம் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"இல்லைப் பிள்ளை, ரெண்டு சோடிதான்," என்றார் அம்மா, முழு அறைக்கும் கேட்கும்படியாக. பிறகு, சோறு ஆறிப்போகும் என்று எங்கள் எல்லாரையும் வீட்டுக்குக் கிளப்பினார்.