சாமுண்டீஸ்வரி அக்காவும் வெள்ளைச் சேறும்

சாமுண்டீஸ்வரி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவர் மேல் இல்லை, அவரைச் சுற்றியிருக்கிற கூட்டத்தின் மேல். செம்பாக்கத்தில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழே அக்காவும் அவர் கணவர் துரைராஜும். பழைய ஊர்க் குடும்பம் அவர்களுடையது. நெல் போட்ட நிலமெல்லாம் மனையாகி விற்றுப்போனது. மிச்சம் இந்த வீடு, ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு தாழ்வான மனை. அந்த மனை மகள் சுபத்ராவுக்கு என்று முடிவாகியிருந்தது. வாடகை வீடு மாறி மாறி அலைகிற பெண் அதில் ஒரு வீடு கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட வேண்டும். அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு அட்டைக் கம்பெனி. அதன் பாய்லரில் மட்டமான நிலக்கரியை எரிப்பார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் அடிக்கிற நாற்றம் எங்களுக்கு வருஷம் முழுக்க அடித்தது. மூக்கு எரியும், தொண்டை கரகரக்கும், காயப்போட்ட துணியை மறுபடியும் துவைக்க வேண்டும். மனு எழுதிக்கொண்டு தாம்பரத்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தது அக்கா மட்டும்தான். கூட வாருங்கள் என்று கூப்பிட்டால் தெருவில் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து முழங்கால் வலி வந்துவிடும்.

கடைசியில் கம்பெனிக்கு உத்தரவு வந்தது. புகையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கிற கருவியை வை, இல்லாவிட்டால் பாய்லரை நிறுத்து. அந்தக் கருவியை அவர்களுக்கு விற்றது யார் என்றால், அக்காவின் அண்ணன் மகன் விக்கி. நாவலூரில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்ப்பவன்.

"நீங்க போட்ட மனுவால எனக்கு ஒரு ஆர்டர் அத்தை," என்று மைசூர்பாகு டப்பாவோடு வந்தான். லேப்டாப்பைத் திறந்து, மேலே மேலே ஏறும் ஒரு கோட்டைக் காட்டினான். "இது எங்க மார்க்கெட் க்ரோத். பவர் பிளான்ட்டுங்க இந்தக் கருவி வேணாம்னு பின்வாங்கினாலும் சிமென்ட், பேப்பர், ஸ்டீல்னு எல்லாரும் வாங்கித்தான் ஆகணும். அஞ்சு வருஷத்துல டபுள் ஆயிடும் மாமா."

துரைராஜ் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா மட்டும் கேட்டார்: "பொகைல கீற கந்தகத்தைப் புடிச்சி இன்னாடா பண்ணுவீங்க?"

"சுண்ணாம்புத் தண்ணிய அடிச்சுப் பிடிச்சுடுவோம். வெள்ளையா சேறு மாதிரி வரும் அத்தை. அதுக்கப்புறம் அது கஸ்டமர் பாடு."

கஸ்டமர் பாடாம். படித்த பயல் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மைசூர்பாகு எடுத்துக்கொண்டான்.

கருவி ஓட ஆரம்பித்தது. நாற்றம் நின்றது. அக்கா ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினார். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் நடந்து வந்து அவருக்குச் சால்வை போட்டார்கள்.

கம்பெனியில் சேறு மலையாகக் குவிந்தது. அதை முறைப்படி அப்புறப்படுத்தினால் செலவு. எங்கள் பக்கத்திலோ எந்த மனைக்காரரைக் கேட்டாலும் மண் வேண்டும் என்பார். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் புகுந்துவிடுகிறது. பக்கத்து மனை உயர்ந்தால் நம் மனை குளம். இலவசமாக லோடு கிடைக்கிறது என்றால் அதில் என்ன இருக்கிறது என்று எவனும் எட்டிப் பார்ப்பதில்லை. அக்கா சுபத்ரா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து லாரிகள் வந்தன. துரைராஜ் நின்று கிணற்றடி மனையில் கொட்டவைத்தார். மேலே பேருக்குக் கொஞ்சம் செம்மண் தூவினார். திரும்பி வந்த அக்காவிடம் காசு கொடுத்துக் கிராவல் மண் அடித்ததாகச் சொன்னார். உயர்ந்து நின்ற மனையைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுபத்ராவுக்குப் போன் போட்டு, தை பிறந்ததும் அஸ்திவாரம் என்றார்.

மழை வந்தது. அதன் பிறகு பருப்பு வேகவில்லை. மாடியில் எங்கள் வீட்டிலும் வேகவில்லை; இரண்டு வீட்டுக்கும் சமையல் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான்.

"குக்கர் கத்திக்கினே கீது, பருப்பு கல்லு கணக்கா அப்டியே கீது," என்று அக்கா கடைக்காரரோடு சண்டை போட்டுப் பருப்பை மாற்றி வாங்கி வந்தார். அதுவும் வேகவில்லை. கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். குழைந்துவிட்டது. அக்கா அடுப்பை அணைத்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்றடி மனைக்குப் போனார். ஒரு வெட்டு வெட்டியதுமே செம்மண்ணுக்குக் கீழே வெள்ளையாகச் சேறு வந்தது. நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

"இது இன்னா?" என்றார் கணவரிடம்.

"கம்பெனிக்காரன் சும்மா குடுத்தான். மனை ஏறிச்சா இல்லியா, அத்தப் பாரு."

"மூக்குல ஏறனதைப் புடுங்கி வாயில ஊத்திட்டியேய்யா."

விக்கிக்குப் போன் போட்டார். அவன் நிதானமாகப் பேசினான். "எங்க சிஸ்டம் கரெக்டா ஓடுது அத்தை. அந்தச் சேறு எங்க ஸ்கோப்ல இல்ல. இன்னும் நாலு கம்பெனி ஆர்டர் குடுத்திருக்காங்க, இந்த நேரத்துல பிரச்சினை பண்ணாதீங்க." எனக்கு அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

துரைராஜ் குரலைத் தாழ்த்தினார். "வெளிய மூச்சு வுடாத. ஆபீசருங்க வந்தா மனைக்கு சீல் வெச்சிடுவானுங்க. அப்பறம் உன் பொண்ணு எங்க வூடு கட்டுவா? இன்னும் ரெண்டு லோடு செம்மண் போட்டு மூடிக்கலாம்."

கணவர் சொன்னது நிஜம் என்று அக்காவுக்கும் தெரியும். மறுநாள் காலை மாடிக்கு வந்து, "தாம்பரம் வரிக்கும் வா தம்பி," என்றார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மனு வாங்கும் இடத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, யார் மேல் புகார் என்றார்.

"சேத்தைக் குடுத்த கம்பெனி மேல. அத்த வாங்கிக் கொட்னவர் மேல."

நான் மெல்லச் சொன்னேன்: "கம்பெனி பேர் மட்டும் போதும் அக்கா. மனை போயிடும்."

"கையை நீட்டி வாங்கறவன் இல்லன்னா அவன் எங்க கொட்டுவான்? இன்னும் நாலு கம்பெனிக்கு நம்ம விக்கி விக்கறானாமே. அந்தச் சேறு எவன் கெணத்தாண்ட போவும்?" முகம் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் உடையவில்லை.

"வாங்கினவர் பேர் சொல்லுங்கம்மா," என்றார் மனு வாங்குபவர்.

"துரைராஜ்."

"முகவரி?"

"மேல என்னுது எழுதனீங்களே சார். அதையே கீழயும் எழுதுங்க."