லைட் பார்க்க நின்ற அம்மா

1. பதினாறாம் நாளுக்கு ஒரு படம்

அந்தப் பெண் என் ஸ்டூடியோக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது நான் புது லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் தூசி ஒன்றும் இல்லை. வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது, கை சும்மா இருந்தால் அதை எடுத்துத் துடைப்பது என் வழக்கமாகியிருந்தது.

வந்தவர் தர்ஷினி. இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய கல்யாணத்தை நான்தான் படம் எடுத்திருந்தேன். அல்பம் கொடுத்தாகிவிட்டது. அல்பத்தைப் பார்த்துவிட்டு, "சினிமா மாதிரி இருக்குண்ணே" என்று போனில் சொன்னவர். இன்றைக்கு முகம் வேறாக இருந்தது.

"அண்ணே, எங்கம்மா தவறிட்டாங்க."

லென்ஸைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வர்ற ஞாயித்துக்கெழம பதினாறாம் நாள். மாலை போட ஒரு போட்டோ வேணுங்க."

"வீட்டுல ஒன்னும் இல்லையாம்மா?"

"அடையாள அட்டையில இருந்தத பெருசாக்கித்தான் அம்மாவ எடுக்கிற அன்னைக்கு வச்சோம். அது அம்மா வயசுப் புள்ளையா இருக்கயில எடுத்தது. சொந்தக்காரங்களே இது யாருன்னு கேட்டாங்க. என் போன்ல ஒன்னும் இல்லண்ணே. போனத் தூக்குனாலே கைய வச்சு மொகத்த மறச்சிருவாங்க. கல்யாணத்துல நீங்க ஆயிரத்துக்கு மேல எடுத்தீங்கதானே? அதுல இருப்பாங்க."

"இருப்பாங்கம்மா. மகள் கல்யாணத்துல அம்மா இல்லாம எங்க போவாங்க? இப்பவே எடுத்துத் தர்றேன்."

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

2. கழுத்தில் தொங்குவது

எங்கள் தொழிலுக்கென்று ஒரு வியாதி உண்டு. கெமராக்காரர்கள் நாலு பேர் எங்கே சந்தித்தாலும் முதலில் கழுத்தில் தொங்குவதைத்தான் பார்ப்போம், முகத்தை அப்புறம்தான் பார்ப்போம். தம்புள்ளையில் ஒரு கல்யாணத்தில், என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவர் என் கெமராவைப் பார்த்து, "அண்ணே, இன்னும் இதுலயா எடுக்கிறீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். அன்பாகக் கேட்டதுதான் குத்தியது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த வருடமே புது கெமராவும் 1.4 வரை திறக்கும் லென்ஸும் வாங்கினேன். பழைய கெமரா என் மனைவி ராஜியிடம் போனது. கல்யாணங்களுக்கு அவளும் என்னோடு வருவாள், பெண்கள் பக்கம் எடுப்பாள். பிடிக்கிற இடத்தில் ரப்பர் கழன்று, டயலில் எழுத்து அழிந்துபோன கெமரா அது. ராஜி அந்த ரப்பரைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டாள்.

1.4 என்றால் என்னவென்று தொழிலுக்குப் புதியவர்களுக்குச் சொல்கிறேன். லென்ஸை அந்த அளவுக்கு முழுக்கத் திறந்து வைத்தால் ஃபோகஸ் செய்த முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு முழம் பின்னால் இருப்பது கரையத் தொடங்கும். நாலு எட்டு பின்னால் நிற்கிற ஆள் வெறும் நிறமாகிவிடுவார். மண்டபத்தின் பிளாஸ்டிக் கதிரை, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் மறைந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் மேகத்தில் நிற்பதுபோலத் தெரிவார்கள். பார்க்க அழகுதான். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அந்த நாலு மாதமும் 1.4ஐ விட்டு நான் நகரவே இல்லை.

ஒரு திருகு திருகினால் 5.6க்கு வரும், பின்னால் நிற்கிறவர்களின் முகமும் அடையாளம் தெரியும். இது எனக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருடம் எடுத்தவன். என்னைப் பழக்கிய முதலாளி, குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் ஓரத்தில் நிற்கிற ஆளின் முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். மங்கியிருந்தால், "இந்த மனுசனும் தலை சீவிக்கிட்டுத்தானே வந்து நின்னாரு?" என்று கேட்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டமாட்டார். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கை இது. புது லென்ஸ் வந்ததும் அத்தனையும் மறந்துபோனது.

3. இளநீலச் சேலை

தர்ஷினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அவருடைய அப்பா அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அதனால் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தது தாய்மாமனும் அத்தையும்தான். அம்மா மேடைக்கு வரவில்லை. கூப்பிட்டும் வரமாட்டேன் என்றிருக்கிறார். நல்ல காரியத்தில் தான் முன்னால் நிற்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மேடைக்குப் பின்னால், தூணோரமாக, இளநீலச் சேலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் படத்திலும் இருந்தார். தாலி கட்டும்போது இருந்தார், அட்சதை போடும்போது இருந்தார், மெட்டி போடும்போது இருந்தார். மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே, பொண்ணின் மாலைக்குப் பக்கத்தில், குத்துவிளக்குக்குப் பின்னால் ஒரு இளநீலப் புகையாக இருந்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாநிறத் திட்டு. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை.

முதல் நூறு படம் வரை, "இருங்க, அடுத்ததுல தெளிவா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டேன்.

தர்ஷினி என்னைக் குறை சொல்லவில்லை. தாலி கட்டுகிற படத்தில் அந்த நீலத் திட்டின் மேல் விரலை வைத்து, "இது அம்மா அழுறாங்கன்னு நெனைக்கிறேன். முந்தானை மேல போயிருக்கு பாருங்க" என்றார்.

நான் எழுந்து தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போனேன். அங்கே ராஜி நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே கேத்தலை வைத்தாள்.

4. வேறு யாரோ

தப்பை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக இன்னொரு கருவியைத் தேடுவதும் அந்த வியாதியின் குணம்தான். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. இருப்பதில் கொஞ்சம் நல்ல படத்தை எடுத்து அதில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் ஒரு முகம் வந்தது. கண், மூக்கு, பல் எல்லாம் கூர்மையாக இருந்தன. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"இந்தாங்கம்மா, பாருங்க."

தர்ஷினி வெகுநேரம் பார்த்தார்.

"இது யாருண்ணே?"

"அம்மாதான். கொஞ்சம் கிளியர் பண்ணியிருக்கேன்."

"நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எங்கம்மா இல்லண்ணே. அம்மாவுக்கு நெத்திக்கு மேல கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி ஒரு தடம் இருக்கும், அந்த எடத்துல முடியே இருக்காது. மூக்குத்தி கழட்டுன ஓட்டை இருக்கும். இவங்களுக்கு ஒன்னுமே இல்லியே. இவங்க ஒருநாளும் கொழுந்து எடுத்திருக்க மாட்டாங்க."

அந்தப் படத்தை உடனே அழித்தேன். நான் பார்க்காத முகத்தை மென்பொருள் எங்கேயிருந்து கொண்டுவரும்? அதற்குத் தெரிந்த ஏதோ ஒரு பெண்ணைத் தந்துவிட்டது. குற்றம் அதனுடையது இல்லை. லென்ஸையும் குற்றம் சொல்லமாட்டேன், நான் சொன்னதைத்தான் அது செய்தது. ஒரு திருகு திருகியிருக்கலாம். "அம்மா, ரெண்டு எட்டு முன்னால வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை.

"மன்னிச்சிடும்மா, என்கிட்ட படம் இல்ல" என்றேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

5. பழைய கெமராவின் கார்ட்

தேத்தண்ணியோடு வந்த ராஜி திரையைப் பார்த்தாள். நீலச் சேலைப் படம் ஒன்று அதில் இருந்தது.

"இந்தச் சேலையா? தூண்கிட்ட நின்னாங்களே, அவங்களா?" என்று கேட்டாள். "நான் அவங்கள வச்சு டெஸ்ட் எடுத்தேன்."

டெஸ்ட் என்பது எங்கள் பழைய வழக்கம். மண்டபத்துக்குப் போனதும், சடங்கு தொடங்கும் முன்னால், கிட்ட நிற்கிற யாராவது ஒருவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து மேடையருகே நிற்க வைத்து ஒரு படம் எடுப்போம். வெளிச்சம் போதுமா, ட்யூப்லைட்டில் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதற்கு. புது கெமரா எல்லாவற்றையும் திரையிலேயே காட்டிவிடுவதால் நான் அதை விட்டுவிட்டேன். ராஜியின் கெமரா அப்படி எதையும் முன்கூட்டிக் காட்டாது, அவளுக்கு வேறு வழியில்லை. டெஸ்ட் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் கிடையாது. அது குப்பை என்பது எங்கள் கணக்கு.

"அதெல்லாம் அழிச்சிருப்பே."

"கார்ட் நெறையாம நான் எதுக்கு அழிக்கிறேன்?"

"நெறஞ்சிருக்குமே ராஜி. அதுக்கப்புறம் எத்தன வேலைக்குப் போனோம்."

அவள் அலுமாரியைத் திறந்து கெமராவை எடுத்துவந்தாள். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி நின்றோம். ராஜி பட்டனை அழுத்திப் பின்னோக்கிப் போனாள். பல்லேபொலயில் ஒரு வீடு குடிபுகுதல் போனது. ஒரு பூப்புனித நீராட்டு விழா போனது, பந்தியில் சாப்பிடுகிறவர்கள் போனார்கள். தர்ஷினி என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தர்ஷினியின் தோழிகள் வந்தார்கள், ஆலாத்தித் தட்டு வந்தது, வாழைமரம் கட்டிய வாசல் வந்தது. ராஜி இன்னும் ஒரு தடவை அழுத்தினாள்.

அம்மா இருந்தார்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, இளநீலச் சேலையில், நேராக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்நெற்றிக்கு மேலே கயிறு பதிந்த தடம் இருந்தது. மூக்கில் வெற்று ஓட்டை இருந்தது. கெமராவோடு இலவசமாக வந்த சாதாரண லென்ஸில், 5.6ஐயும் தாண்டி 8இல் எடுத்த படம். பின்னால் பிளாஸ்டிக் கதிரை, சுவர் நோட்டீஸ், பாதி கட்டிய தோரணம் எல்லாமே பளிச்சென்று தெரிந்தன.

தர்ஷினி "ம்மா" என்றார். அப்புறம்தான் அழுதார். ராஜி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடிக்கா நின்னாங்க? யாரு கூப்புட்டாலும் நிக்கமாட்டாங்களே!"

"மொதல்ல வரலதான். 'நான் போட்டோவுக்கெல்லாம் நிக்கிறதில்ல தங்கச்சி'ன்னாங்க. 'போட்டோ இல்லக்கா, சும்மா லைட் பாக்கத்தான்'னு சொன்னேன். 'ஓ, லைட்டுக்கா? அதுக்குன்னா நிக்கிறேன்'னு வந்துட்டாங்க. கொழுந்து எடுக்கிறது பத்தி ஏதோ கேட்டேன், சிரிச்சாங்க."

படத்தைப் பெரிதாக்கி வெட்டத் தொடங்கினேன். மாலை போடுகிற படத்துக்கு நெஞ்சளவு போதும், கையில் பிடித்திருந்த வெள்ளைத் தாள் தேவையில்லை.

"வெட்டாதீங்கண்ணே. அது என்ன கையில?"

நான் ராஜியைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "அன்னைக்கு வெள்ளத்தாள் கொண்டுபோக மறந்துட்டேன். ஒங்க கல்யாணப் பத்திரிகையத்தான் பின்பக்கம் திருப்பிக் கையில குடுத்தேன்."

தாளின் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது தெரிந்தது. தர்ஷினி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பிடியே இருக்கட்டும்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானே தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்து வாசலில் ஒரு கிழவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தா, நம்ம லெச்சுமி" என்று சத்தமாகச் சொன்னார். அம்மாவின் பெயர் லட்சுமி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

6. இப்போது

லென்ஸை விற்றுவிட்டாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. நல்ல லென்ஸ். தேவைப்படும் இடத்தில் 1.4இல் எடுக்கிறேன், மற்ற நேரம் ஒரு திருகு. புதிது வாங்குவது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. வாங்குவதற்கு முன்னால், கையில் இருப்பதை வைத்து ஒரு கல்யாணத்தில் யாரையெல்லாம் நீங்கள் எடுக்காமல் விடுகிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விடுபட்டவர்களை எந்தக் கெமராவும் தானாகக் கூப்பிட்டு நிறுத்தாது.

இப்போதெல்லாம் மண்டபத்துக்குள் போனதும் நான் மேடையைப் பார்ப்பதில்லை. தூண்களைப் பார்க்கிறேன், சமையல்கட்டு வாசலைப் பார்க்கிறேன். போன மாதம் மாத்தளையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா, கணவரை இழந்தவர், கடைசிக் கதிரைக்குப் பின்னால் நின்றிருந்தார். என் புது கெமராவின் திரை வெளிச்சம் சரியாக இருக்கிறதென்று காட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"அம்மா, ஒரு நிமிசம் மேடைக்கிட்ட வாறீங்களா? லைட் பாக்கணும்."

"நானா? வேற யாரையாவது கூப்புடுங்க தம்பி."

"போட்டோ இல்லம்மா. சும்மா லைட்டுக்குத்தான்."

வந்து நின்றார். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையையும் கூப்பிட்டேன், அவருக்கும் லைட் பார்க்க வேண்டும் என்று. மகன் பக்கத்தில் வந்து நின்றதும் அந்த அம்மா தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஐந்து படம் எடுத்தேன்.

"லைட் சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இன்னும் ஒன்னு பாத்துருவோம்மா" என்றேன்.