நாய் குரைத்ததா என்று கோமதி கேட்டாள்

முதலில் வந்தது ஒரு விசில் சத்தம். என் மனைவி கோமதி மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கேட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பாம்புக் கடியிலிருந்து பிழைத்திருந்தாள். மூச்சு நின்றுபோனதால் வாய்வழியே குழாய் விட்டு, மிஷின் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் இளைப்பு என்று ஊசி போட்டார்கள். குறையவில்லை. நான் எட்டாவதோடு தறிக்குப் போனவன். ஒன்றுமில்லாததற்கே பயப்படுவேன், இதற்குக் கேட்கவா வேண்டும்? ரெண்டு வார்த்தை பேசினால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, ஸ்டெனோசிஸ் (தழும்பால் மூச்சுக்குழாய் சுருங்குவது) என்றார் டாக்டர். உயிரைக் காத்த குழாய் அழுந்திய இடம் புண்ணாகி, ஆறும்போது தழும்பு வளர்ந்து வழியை நெரித்துவிட்டதாம். டைலடேஷன் (கம்பி விட்டு விரிப்பது) செய்தார்கள். நன்றாக இருந்தாள். பிறகு விசில் திரும்பி வந்தது.

சுருங்கிய துண்டை வெட்டியெடுத்து ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கலாம் என்றார் டாக்டர். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர்களில் கொஞ்சம் பேருக்குத்தான், ஆனால் எங்கள் மெடிக்கல் காலேஜில் நாய்களுக்கு இதே காயத்தை உண்டாக்கி, தழும்பு எப்படி வளர்கிறது, தையல் எப்போது விடுகிறது என்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்றார். மறைக்காமல் சொன்னார். அந்த நாய்களில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, கூட்டிப்போனார்.

கூண்டுக்குள் ஒரு செவலை நாய். கழுத்தில் சிரைத்த இடத்தில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கினால் தையல் இழுபடும் என்று சோறு, தண்ணீர் எல்லாம் தரையோடு வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து குரைத்தது.

வார்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன்.

"நல்லா... குரைக்குதா?"

"நம்ம தெரு நாய் மாதிரியே குரைக்கி."

"அப்ப... செய்யச் சொல்லுங்க. உங்கள ஏச... எனக்குச் சத்தம் வேணும்லா."

பிறகு, "அதுகிட்ட... யாரு கேட்டா?" என்றாள். வார்டில் கொடுத்த ரொட்டியை என் கையில் வைத்து அதற்குப் போட்டுவரச் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து பார்த்தபோது அவள் நாடியையும் (மோவாய்) நெஞ்சையும் சேர்த்து நூலால் தைத்திருந்தார்கள். நீங்களும் பயந்துவிடாதீர்கள், தலை நிமிராமல் இருக்கத்தான் அது. சில நாளில் பிரித்துவிடுவார்கள். நான் குனிந்து கீழேயிருந்து கஞ்சி ஊட்டினேன். மூச்சில் சத்தமே இல்லை. சத்தம் இல்லாததற்கும் பயந்து, மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன்.

அனுப்பும்போது, கொஞ்ச மாதத்துக்கு அண்ணாந்து பார்க்கவே கூடாது என்றார் டாக்டர். பஸ் ஊரை நெருங்கியதும் கோபுரம் தெரிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழக்கத்தில் அவள் முகமும் மேலே எழும்பியது. நான் பதறிப்போய்ப் பின்னந்தலையில் கை வைத்து அமுக்கினேன்.

"ஏய்யா, சாமி கும்பிடுத புள்ளைய ஏன் அமுக்குத? சண்டைய வீட்டுல போய்ப் போடு," என்றாள் பக்கத்து சீட்டு அம்மாள்.

கோமதி தன் மடியைப் பார்த்தபடியே கும்பிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தடையெல்லாம் நீங்கிவிட்டது. ஆனாலும் கொடியில் சேலை காயப்போட அவள் முகத்தைத் தூக்கும்போதெல்லாம் என் கை தானாகப் போய்விடுகிறது. பின்னந்தலையில் அது இருப்பது தெரிந்தும் அவள் தட்டிவிடுவதில்லை. என்னை ஏசுவாள், நடுவில் எங்கேயும் நிறுத்தாமல். முடிகிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.