ஏழரை மணி அழைப்பு

காலை ஏழரை மணிக்குப் பிரிம்லி ஊர்க் காவல் நிலையத்தில் தொலைபேசி ஒலிக்கும். நோரீன் டூப்ரே எடுப்பாள். மறுமுனையில் எண்பத்தொரு வயது ஓரின் வீலாக் ஒரே ஒரு வரி சொல்வார்.

"இன்னும் சாகல. உன் வேலையப் பாரு."

இணைப்பு அறுந்துவிடும். நோரீன் சுவரில் மாட்டிய பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுவாள்.

தனியாக வாழும் பதினொரு முதியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. எட்டு மணிக்குள் யாரிடமிருந்தாவது அழைப்பு வராவிட்டால், வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அவள் வழக்கம். சட்டத்தில் இல்லாத வேலை. அவளே ஏற்படுத்திக்கொண்டது.

பெயருக்குத்தான் காவல் துறைத் தலைவி. தலைமை தாங்க அவளுக்குக் கீழே ஒருவரும் இல்லை. பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பாள். நெடுஞ்சாலையில் வந்து நிற்கும் காட்டுமானை விரட்டுவாள். குடித்துவிட்டு அழுகிறவனை வீட்டில் கொண்டுபோய் விடுவாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தது துடைப்பதற்கு மட்டும்தான்.

அந்தத் துறையையே மூடிவிட வேண்டும், நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கும் மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரீஃபிடம் ஊர்க் காவலை ஒப்படைக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் வேறு யாருமல்ல, ஓரின் வீலாக்தான். வரி தாங்க முடியவில்லை என்பது அவர் வாதம். பாதி ஊர் தலையாட்டியது. தீர்மானம் வென்றால் நோரீன் வேலை தேடி வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் காலை ஏழரைக்கு அவர் குரலைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிடும்.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய். ஊர்க்கூட்டம். ஊரே மண்டபத்தில் கூடி, கை தூக்கி வாக்களித்து, நடுவில் சேர்ந்து சாப்பிடும் நாள்.

அன்று ஏழரைக்கு ஓரின் அழைக்கவில்லை.

எட்டு மணிக்கு நோரீனே அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. கூட்டத்துக்குக் கிளம்பியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கியது. முன்வரிசையின் வலது ஓரத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. முப்பது ஆண்டுகளாக அதில் ஓரினைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

நோரீன் தொப்பியை எடுத்தாள். கூட்டத்தை நடத்திய ஹேரியட் மேடையிலிருந்து குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போற? ரோடு விஷயம் முடிஞ்சா அடுத்தது உன்னோடதுதான். நீ இல்லன்னா உனக்காகப் பேச யாரு இருக்கா?"

"ஓரின் நாற்காலி காலியா இருக்கு, ஹேரியட்."

"அந்த மனுஷன் வராம இருந்தா உனக்கு நல்லதுதானேடி."

நோரீன் பத்தொன்பது ஆண்டு வாழ்க்கையை அந்த மண்டபத்தில் விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

பனி உருகத் தொடங்கிய காலம். ஓரின் வீட்டுக்குப் போகும் மண் சாலை கூழாகக் கிடந்தது. பாதி வழியில் அவருடைய பழைய லாரி அச்சுவரை சேற்றில் புதைந்து நின்றது. உள்ளே அவர், மடியில் துண்டு சுற்றிய, வெந்த அவரைக்கொட்டைப் பானையைக் கட்டிப்பிடித்தபடி, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. இறங்கிப் பார்த்திருக்கிறார், சேறு அதைப் பிடுங்கிக்கொண்டது.

மதிய விருந்துக்கு அந்தப் பானையைக் கொண்டுபோவதற்காக ஆறரைக்கே கிளம்பினாராம்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணக் கூடாதா, பெரியவரே?" என்றாள் நோரீன்.

கிழவர் பானையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன் வேலைய ஒழிக்கணும்னு எழுந்து நின்னு பேசப்போற நாளு. அன்னைக்குக் காலையில உன்கிட்டயே 'உயிரோட இருக்கேன், குறிச்சுக்கோ'ன்னு சொன்னா அது என்ன நியாயம்? வெக்கமா இருந்துச்சு."

நோரீனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முதுகைக் காட்டிக் குனிந்தாள். முழங்கால் ஆழச் சேற்றில் அவரை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கெட்டித்தரையில் நின்ற தன் வண்டிக்கு நடந்தாள். பானை அவள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டே வந்தது. மருத்துவமனை என்ற பேச்சை எடுத்ததும் கிழவர் சீறினார். கூட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம்.

மண்டபத்தில் இன்னும் சாலைகளின் சேற்றைப் பற்றித்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. இடுப்புவரை சேறு பூசிய காவல் தலைவியும், போலீஸ் போர்வைக்குள் ஒற்றை பூட்ஸுடன் ஓரினும் உள்ளே வந்தார்கள். சத்தம் அப்படியே அடங்கியது. ஹேரியட் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த தீர்மானத்தை வாசித்தாள்.

ஓரின் எழுந்தார்.

"தீர்மானம் என்னோடது. வாபஸ் வாங்க மாட்டேன். வரி ஜாஸ்திதான், அதுல மாத்தமில்ல." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஆனா இன்னைக்கு ரெண்டரை மணி நேரம் லாரியில உக்காந்து யோசிச்சேன். என்னைத் தேடி யாரு வருவான்னு. ஷெரீஃப் முகம் ஒரு தடவைகூட ஞாபகம் வரல. எல்லாரும் அவங்கவங்க மனசுப்படி கை தூக்குங்க."

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றாள் ஹேரியட். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரின் கை போர்வைக்குள்ளேயே இருந்தது. வேறு ஒரு கையும் எழவில்லை.

எதிர்ப்பவர்கள் என்றதும் முதலில் எழுந்தது சேறு காய்ந்த ஒரு கிழட்டுக் கை. பிறகு மண்டபம் முழுவதும் கைகள்.

நோரீன் சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்தாள், முகமெல்லாம் சேறானது. அதைப் பார்த்து ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். மதியம் அந்த அவரைப்பானைதான் முதலில் காலியானது.

மறுநாள் காலை ஏழரைக்குத் தொலைபேசி ஒலித்தது.

"இன்னும் சாகல."

"பூட்ஸ் கிடைச்சுதா, பெரியவரே?"

"அதத் தேடிக் குடுக்கத்தானே உன்னை வச்சிருக்கோம்," என்றார் ஓரின். முதல் முறையாக அவர் இணைப்பை உடனே துண்டிக்கவில்லை.