ஈரத் துண்டோடு ஒரு சவாரி

என் மகள் நிச்சயதார்த்தப் பந்தியில் என் அக்காள் வீட்டுக்காரர் என்னைக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மாப்ள காருல ஏறணும்னா மொதல்ல தடுப்பூசி போட்டுக்கிடணும், பாத்துக்கிடுங்க." ரசத்துக்குக் காத்திருந்த வரிசையே சிரித்தது. முதலில் சிரித்தது என் மனைவி. இந்த மனுஷனை அதே காரில் ஊர் பார்க்க ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டேன்.

என்னுடையது, விக்கிரமசிங்கபுரத்தில் மில் அதிகாரி ஒருவர் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, தொட்ட இடமெல்லாம் துரு. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும். பிரேக்கை மூன்று மிதி மிதித்தால் நான்காவதில் யோசிக்கும். அத்தானின் புதுக் காரில் பெல்ட் போடச் சொல்லும் பெண்குரல், என் அக்காளைவிடத் தணிவாகப் பேசும். சாவி மடியில் இருந்தாலே கதவு திறக்கும். நாலு எட்டு தள்ளிப் போனால் தானே பூட்டிக்கொள்ளும்.

போன மாதம் பாபநாசத்துக்குக் குளிக்கப் போனோம். அவர் என் காரில் ஏறமாட்டார், நான் அவர் காரில் ஏறமாட்டேன், ஆகவே ஆளுக்கொரு கார். வேட்டி, சட்டை, போன் எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டு, சாவியை இடுப்புத் துண்டில் செருகிக்கொண்டு அத்தான் ஆற்றில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எங்களுடையது இரும்புச் சாவி. "தண்ணி பட்டா செத்துரும் அத்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பந்தி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

கரையேறி வந்தவரைக் கார் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சாவியை உதறினார், ஊதினார், வெயிலில் காட்டினார்.

"என்ன மாப்ள, தொறக்க மாட்டேங்கு!"

அவர் திரும்பிப் பார்த்ததும், என் முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும் என்று பதறி, குனிந்து இல்லாத செருப்பின் வாரை மாட்டினேன்.

"வீட்டுல இன்னொரு சாவி இருக்குல்லா? ஏறுங்க அத்தான். ஊசி பொறவு போட்டுக்கிடலாம்."

ஈரத் துண்டோடு ஏறினார். அத்தான் வீடும் எங்கள் வீடும் இருக்கும் தெருவின் டீக்கடையில் நிறுத்தி, நாலு பேர் பார்க்க அவருக்கு டீ வாங்கித் தருவது என் திட்டம். தெருமுனையில்தான் உறைத்தது: ஓடிச் சூடானபின் நிறுத்தினால் இந்த வண்டி ஆறும்வரை மறுபடி கிளம்பாது. கிளம்பாவிட்டால் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடும். நிறுத்தாமல் தெருவைச் சுற்றினேன்.

"வீட்டத் தாண்டிட்டேரு வே!"

"தெரியும் அத்தான்."

இரண்டாம் சுற்றில் டீக்கடை அண்ணாச்சி வெளியே வந்தார். மூன்றாம் சுற்றில் தெருவே வந்தது. அத்தான் இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டார்.

டீக்கடைக்கு நேர் எதிரே வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. தொலைந்தேன் என்று ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தேன். அண்ணாச்சிதான் காப்பாற்றினார்.

"பழைய வண்டிதான, தள்ளுனா கெளம்பிரும். அத்தான எறங்கச் சொல்லும் வே."

அக்காளும் வாசலுக்கு வந்துவிட்டாள். அத்தான் இறங்கினார். ஒரு கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையை என் காரின் பின்புறம் வைத்தார். வண்டி அசையவில்லை.

"ரெண்டு கையாலயும் தள்ளுங்க அத்தான்" என்றேன்.