சாயங்காலம் யாரு வருவீங்க?

முந்திரிக்கொட்டை உடைக்கிற கைக்கு ஒரு வாசனை உண்டு. சுட்ட ஓட்டின் எண்ணெயும் அடுப்புச் சாம்பலும் கலந்த வாசனை. சோப்பு போட்டாலும் போகாது. விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். சாயங்காலமானால் எங்கள் "பால்வாடி" வாசலில் அப்படிப்பட்ட கைகள் வரிசையாக நீளும். அதில் எங்கள் அம்மாவின் கை எது என்று முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

ஊர் உடையார்பாளையம் பக்கம். காலையில் கொட்டை உடைக்கப் போகிற பெண்கள் போகிற வழியில் எங்களை விட்டுவிட்டுப் போவார்கள். ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். டீச்சர் பேர் மல்லிகா. ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஆயா பேர் அஞ்சலை. எங்கள் தெருக்காரர். சமையலும் அவர்தான், அதட்டலும் அவர்தான்.

மல்லிகா டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையைக் கையில் வாங்கும்போதே கேட்பார்.

"சாயங்காலம் யாரு வருவீங்க?"

தினமும் கேட்பார். பெண்கள் சிரிப்பார்கள்.

"நேத்து வந்தவதான் இன்னிக்கும் வருவேன். ஒரு ராத்திரியில மாறிடுவேனா டீச்சர்?"

டீச்சரும் சிரிப்பார். ஆனால் பதில் சொல்லாமல் யாரும் படி இறங்க முடியாது. காலையில் யார் பேரைச் சொன்னார்களோ அவர் கையில்தான் பிள்ளை. வேறு யார் வந்தாலும் கொடுக்க மாட்டார். ஒருதடவை ஒரு பையனின் தாய்மாமன் சைக்கிளில் வந்து நின்றார். ஊரே அறிந்த ஆள். டீச்சர் கொடுக்கவில்லை.

"நான் என்ன புள்ள புடிக்கிறவனா?" என்று குதித்தார் அவர்.

"ஒங்கள எனக்குத் தெரியாதா தம்பி? காலையில ஒங்க அக்கா ஒங்க பேரச் சொல்லலியே."

"போயி அக்காவ அழைச்சிக்கிட்டு வாங்க சாமி. அதுக்குள்ள சைக்கிளு துருப்புடிச்சிடாது" என்றார் ஆயா உள்ளேயிருந்து.

அவர் போய் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தார். ஊரில் டீச்சருக்குக் "கெடுபிடிக்காரி" என்று பேர். டீச்சர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நானும் அம்மாவும் அந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். அப்பா குடித்துவிட்டு அடிப்பார். பொறுக்க முடியாமல் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அம்மா தானாகப் பின்னாலேயே வந்துவிடுவார் என்று அப்பா கணக்குப் போட்டார். அதை ஆள்விட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் முதல் நாளே அம்மா டீச்சரிடம் சொல்லிவிட்டார்: "நான் மட்டுந்தான் வருவேன் டீச்சர். இவ அப்பா வந்தாலும் குடுத்துடாதீங்க." இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா லாரி ஓட்டுவார் என்பது மட்டும்தான்.

ஒருநாள் மத்தியானம், சோறு போடுகிற நேரம், வெளியே ஹாரன் சத்தம். எனக்கு அந்த ஹாரன் தெரியும். எழுந்து ஓடினேன். அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி. அப்பாவின் தலை, புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. என்னைத் தூக்கிக்கொண்டார்.

டீச்சர் நிதானமாக வாசலுக்கு வந்தார். முதலில் அப்பாவின் கண்ணைத்தான் பார்த்தாராம். போதை இல்லாமல் தெளிவாக இருந்ததாம். ஆயா பிறகு சொன்னது.

"வாங்கண்ணே. வெயிலா இருக்கு, உள்ள வாங்க."

"உக்கார வரல டீச்சரம்மா. புள்ளைய அழைச்சிக்கிட்டுப் போவ வந்தேன்."

"அவங்கம்மா சாயங்காலம் வருவாங்க."

"நான் பெத்தவன்."

"இல்லன்னு யாருண்ணே சொன்னா? அதான் உள்ள வாங்கன்றேன்."

அப்பாவுக்குக் குரல் ஏறியது. "எம் புள்ளைய எனக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீ யாரு?"

டீச்சருக்குக் குரல் ஏறவில்லை. "ஒங்க புள்ளதான். காலையில எங்கிட்ட குடுத்தது அவங்கம்மா. அவங்க வர்ற வரைக்கும் நாந்தான் பதில் சொல்லணும். நாளைக்கு நீங்க கொண்டாந்து விட்டாலும் இப்படித்தாண்ணே நிப்பேன்."

அப்பா லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"புள்ள பசியா இருக்கு. சோறு வச்சாச்சு. நீங்களே ஊட்டிவிடுங்க" என்றார் டீச்சர்.

அப்பா உள்ளே வந்தார். அவ்வளவு பெரிய ஆள், எங்கள் கோரைப்பாயில், எங்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆயா கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றினார். பிறகு சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடியே போய் வாசற்படியை அடைத்து நின்றுகொண்டார். ஒரு பையன் கேட்டான்: "லாரி ஒங்களுதா?" "மொதலாளியுது" என்று அப்பா சிரித்தார். சாம்பார் சாதம். உருட்டி உருட்டி ஊட்டினார். அவர் கையில் சுண்ணாம்பு வாசனை இருந்தது. கடைசி உருண்டை வரைக்கும் பொறுமையாக ஊட்டினார். பிறகு வாயைத் துடைத்துவிட்டார், எழுந்தார். ஆயா அவருக்கு மட்டும் வழி விட்டார். என்னை விடவில்லை.

லாரி கிளம்பியதும் நான் கத்தினேன். லாரியில் போக வேண்டும் எனக்கு. பிடித்துக்கொண்டிருந்த டீச்சரின் கையைக் கடித்தேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"கடிக்கக் கூடாது பாப்பா. வலிக்குது. கோவம் வந்தா அழுவலாம். அழு." பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஆயா முணுமுணுத்தார்: "குடிகாரப் பய, இப்ப என்ன பாசம் வழியுது."

"அஞ்சல, புள்ள காதுல விழற மாதிரி அப்பன ஏசாத" என்றார் டீச்சர். அவர் குரல் கடுத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்பா ஒன்னப் பாக்க வந்தாங்க. ஊட்டிவிட்டாங்க. நீ நல்லா சாப்ட்ட."

அவ்வளவுதான் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சாயங்காலம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். பிறகு அம்மாவின் கறுத்த கை நீண்டது. பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்பா பிறகு வரவில்லை. வடக்கே லாரி ஓட்டப் போனவர் திரும்பவே இல்லை. அவரைப் பற்றி எனக்கு நல்லதாக ஞாபகம் இருப்பது அந்தச் சோறு மட்டும்தான். டீச்சர் வாசலிலேயே விரட்டியிருந்தால் அதுவும் இருந்திருக்காது. என்னைக் கொடுத்திருந்தால் அம்மாவும் பின்னாலேயே அந்த அடிக்குத் திரும்பிப் போயிருப்பார்; உயிரோடு இருந்திருப்பாரா என்று சொல்ல முடியாது. இரண்டையும் காப்பாற்றினார்.

எட்டாவதோடு நான் படிப்பை விட்டேன். இப்போது அங்கன்வாடியில் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கலாம் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள், அப்பா அம்மாவைப் பற்றிப் பிள்ளை எதிரில் தாழ்த்திப் பேசாதீர்கள், கடிக்கிற பிள்ளையை அடிக்காதீர்கள் என்று மேடம் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் எனக்கு மல்லிகா டீச்சர் முகம்தான் வந்தது. அவரும் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருப்பார். கேட்டதை அன்றைக்கு லாரிக்கு எதிரில் நின்று செய்தார். கேட்பது லேசு. செய்வது லேசு இல்லை.

அந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. டைல்ஸ் போட்ட கட்டடம் வந்துவிட்டது. கொட்டையை மிஷின் உடைக்கிறது, பெண்கள் கையுறை போடுகிறார்கள். கறுத்த கைகள் வாசலில் நீள்வதில்லை. டீச்சரும் இல்லை, ஆயாவும் இல்லை.

போன வாரம் ஒருத்தர் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைக் கூப்பிட்டார். காலையில் அந்தப் பிள்ளையின் அம்மா சொன்ன பேர் அவருடையது இல்லை. இப்போதிருக்கிற டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வந்தவரின் கண்ணைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது.

"வாங்கண்ணே. சாப்பாட்டு நேரந்தான்" என்றேன்.

அவர் மகளுக்கு ஊட்டினார். நான் கரண்டியோடு போய் வாசற்படியில் நின்றுகொண்டேன்.