அருவிக்குப் பின் பதினைந்து நிமிடம்

என் நோய் முதலில் தாகமாகத்தான் வந்தது. அப்போது எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் முதல் பாடவேளைக்குள் தீர்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவளின் பாட்டிலையும் காலி செய்வேன். தென்காசி வெயிலுக்கு யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். எடை குறைந்து, ஒரு நாள் காலை மூச்சு வாங்கிச் சாய்ந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முதல் வகை நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் நோய், ஊசி மூலம் வெளியிலிருந்து ஏற்றினால்தான் உயிர் நிற்கும்). இனிப்பு தின்றதால் வருவதில்லை. ஆனாலும் பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்கு லட்டும் ஜாங்கிரியுமா அள்ளிக் குடுத்தியளோ?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் இன்றுவரை வணக்கம் சொல்வதில்லை.

அப்பா ராணுவத்தில் இருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை லீவில் வருவார். ஆகவே எல்லாம் அம்மாதான். வடகரையில் தென்னந்தோப்பு வீட்டில் பிறந்தவள். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள். அவள்தான் ஏழு வருடம், ஒரு நாளைக்கு நான்கு முறை, மத்தியானம் பள்ளிக்கே வந்தும், எனக்கு ஊசி போட்டாள். விரலில் குத்தி அளவு பார்ப்பது, எத்தனை யூனிட் ஏற்றுவது, தட்டில் எத்தனை இட்லி வைப்பது, எல்லாம் அவள் கணக்கு. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவது மட்டும் என் பங்கு.

தோழிகளிடம் அல்சர் என்று சொல்லிவைத்திருந்தோம். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது இது குறுக்கே நிற்கும் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கோ வெட்கம்.

பிளஸ் டூ முடித்த மே மாதம், சுவரெல்லாம் கிளிப் படம் ஒட்டிய என்னைப் பார்த்துவந்த குழந்தை மருத்துவரின் அறைக்குக் கடைசியாகப் போனோம். பதினெட்டு முடிந்துவிட்டதால் இனிப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போக வேண்டும் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்றார்.

கதவு சாத்தியதும் என்னிடம் கேட்டார்: "நேத்து மத்தியானம் எத்தனை யூனிட் போட்ட?"

நான் கதவைப் பார்த்தேன்.

"அங்க என்ன பாக்க? உன்னைத்தான் கேக்கேன்."

எனக்குத் தெரியவில்லை. ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது. ஸ்கூட்டி ஓட்ட லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. என் உடம்புக்குள் முந்தின நாள் என்ன போயிற்று என்று மட்டும் தெரியவில்லை. அன்று போல் நான் என்றைக்கும் கூசிப்போனதில்லை.

கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல். அம்மா வெளிப்படையாக மறுக்கவில்லை; பேச்செடுத்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் அன்றே ஊசியை என் கைக்கு வாங்கிக்கொண்டேன். முதல் வாரம் இரண்டு தடவை அளவு தப்பியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரு மாதம் கழித்துச் சொன்னாள்: "நான் இல்லாம ஒரு நாள் முழுசா சமாளிச்சுக் காட்டுட்டி. அதுக்கப்பொறம் கோயம்புத்தூரப் பத்திப் பேசுவோம்."

நான் கேட்டது குற்றாலம். சீசன் தொடங்கியிருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்தும் நோய் வந்தபின் ஒரு முறைகூட அருவிக்குள் நான் நின்றதில்லை. காரணம் இருந்தது. அருவியில் குளித்தால் எல்லோருக்கும் உடம்பு நடுங்கும், பசி வயிற்றைக் கிள்ளும். தாழ்சர்க்கரைக்கும் (ஊசிக்கு ஏற்ற சாப்பாடு போகாதபோது இரத்தச் சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்குவது) அதே நடுக்கம், அதே பசி. எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் அம்மா விட்டதே இல்லை.

தோழிகள் நான்கு பேராகக் கிளம்பினோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான்கு இட்லிக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு இரண்டே இட்லி தின்றுவிட்டு ஓடினேன். போனதும் ஏதாவது தின்றுகொள்ளலாம் என்று நினைப்பு. அங்கே போனால், "குளிச்சிட்டுத்தான் சாப்பாடு" என்றாள் இசக்கி. குற்றாலத்தில் வயிறு நிறைய வைத்துக்கொண்டு யார் அருவிக்குள் போகிறார்கள்? காரணம் சொல்ல வெட்கப்பட்டு நானும் தலையாட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் தோளில் விழுந்தபோது யாரோ மொத்துவதுபோல இருந்தது. ஏழு வருடத்துச் சந்தோஷத்தை ஒரேயடியாக அனுபவித்தேன். வெளியே வந்ததும் நடுக்கம். எல்லோரும்தான் நடுங்கினார்கள். துவட்டி, உடை மாற்றினோம். மற்றவர்களுக்கு நடுக்கம் நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை.

சிப்ஸ் கடை ஓரத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தேன்.

"இன்னுமாட்டி குளிருது?" என்றாள் இசக்கி.

"குளிரில்ல. சுகர் இறங்குது. பதினோரு வயசுலேர்ந்து எனக்குச் சுகர் இருக்கு. அல்சர்னு சொன்னது பொய்."

விரலில் குத்தினேன். ஐம்பத்தெட்டு. குளுக்கோஸ் பொடி மூன்று ஸ்பூன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். இசக்கி போனை எடுத்துவிட்டாள். "ஒங்க அம்மாக்குச் சொல்லுதேன்."

"சொல்லாத. பதினைஞ்சு நிமிசத்துல ஏறிரும், பாப்போம். நான் மயங்குனா மட்டும் ஆம்புலன்ஸக் கூப்பிடு. வாயில எதையும் ஊத்திராத."

பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. மறுபடி குத்தினேன். தொண்ணூற்றெட்டு. என்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. பரீட்சையில் வாங்கிய எந்த மார்க்கும் அந்தப் பெருமையைத் தந்ததில்லை.

இசக்கி என் தலையைத் துவட்டிக்கொண்டே, "இதச் சொன்னா நாங்க என்ன ஓடிப்போவோமா? லூசு" என்றாள்.

அம்மாவிடம் மறைத்திருக்கலாம், மறைத்தால் கோயம்புத்தூர் உறுதி. சொன்னால் போனாலும் போய்விடும். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு இட்லி உட்பட.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ரெண்டாவது தடவ குத்திப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். தொண்ணூத்தெட்டு."

"சரி. பரோட்டா திங்கப் போறியளாக்கும். எண்ணித் தின்னு."

மறுநாள் என் சூட்கேஸைப் பரணிலிருந்து அவளே இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முன் புதிய மருத்துவரைப் பார்க்கப் போனோம். வராந்தா முழுக்க வயதான அண்ணாச்சிகள். நர்ஸ் வந்து, "கூட வந்தவங்களும் வாங்க" என்றார். அம்மா பெஞ்சை விட்டு அசையவில்லை. "அவகிட்டயே கேளுங்க. அவளுக்கு எல்லாம் தெரியும்" என்றாள். சொன்னபோது அவள் கழுத்து நிமிர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை பதினெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஊசியைக் கொஞ்சம் முன்னதாகவே கையில் கொடுங்கள். தப்பு செய்யும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்யட்டும்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். நோய் போகவில்லை, போகாது. என் நாள் பதினைந்து பதினைந்து நிமிடங்களாக நகர்கிறது. உடம்பு சொல்வதை முதலில் கேட்பவள் நான்தான். ஊசி என் கைக்கு வந்த நாளிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் முதல் கேள்வி, "எவ்வளவு இருக்கு?" என்பதாகத்தான் இருந்தது. ஹாஸ்டலுக்கு வந்த அன்று மாலை போன் செய்தாள். எண்ணைச் சொல்வதற்குத் தயாராக மீட்டரை மடியில் வைத்திருந்தேன்.

"சாப்பிட்டியாட்டி?" என்றாள்.